கைதட்டுகிற அக்கா

அவர் வேலைக்குச் சேர்ந்த நாள் காலையில் நான் மாடிப்படி ஏறி வந்தபோது, அலுவலக வாசலில் நின்று கைரேகை மிஷினோடு பேசிக்கொண்டிருந்தார். இன்னும் பதிவாகாத விரல். மிஷின் இங்கிலீஷில் "மறுபடியும் வையுங்கள்" என்றது. "சரிங்க, வெக்கிறனுங்க" என்று வைத்தார். மிஷின் மறுபடியும் அதையே சொன்னது. "இருங்க, கோவிச்சுக்காதீங்க, தொடச்சுட்டு வெக்கிறேன்." விரலைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார்.

"ஏனுங் மேடம், எத்தன தடவ தப்பா வெச்சாலும் ஒரே கொரல்ல பொறுமையாச் சொல்லுதுங்களே! எங்கூட்ல ஆரு இப்பிடி இருக்கறாங்க?"

சொல்லிவிட்டுக் கைதட்டினார். கேலி இல்லை. நெஞ்சுக்கு நேராக இரண்டு கையையும் சேர்த்து, சின்னப் பிள்ளை யானையைப் பார்த்துத் தட்டுமே, அப்படி.

என் கையில் கேக் பெட்டி இருந்தது. அவரை வரவேற்பதற்காக நானே வாங்கி வந்தது. அதைப் பார்த்ததும், "இன்னைக்கு ஆருக்குங்க பொறந்த நாளு?" என்று கேட்டார். "உங்களுக்குத்தான், வரவேற்பு" என்றேன். அதற்கும் ஒரு கைதட்டு. கீழ்த்தளத்துப் பல் ஆஸ்பத்திரியில் காத்திருந்த நோயாளிகள் கன்னத்தைப் பிடித்தபடி மேலே அண்ணாந்து பார்த்தார்கள்.

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் "என்ற பேரு அச்சுலயா!" என்று தன் சொந்த ஊர் வெண்ணந்தூருக்கே கேட்கும்படி தட்டுவார். அக்கா என்றே வைத்துக்கொள்ளலாம். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் அக்காதான், அவரைவிட மூத்தவரான எங்கள் எம்.டி.க்குக்கூட. இப்போது மகள் படிப்புக்காகக் குடும்பத்தோடு கோயம்புத்தூர் போய்விட்டார். அங்கே எந்த அலுவலகத்தில் எந்த மிஷினோடு பேசிக்கொண்டிருக்கிறாரோ!

எங்கள் அலுவலகம் சேலம் அஸ்தம்பட்டியில், ஏற்காடு போகிற சாலையில் இருந்தது. அங்கே என்ன வேலை பார்த்தேன் என்பது என் அப்பாவுக்கு இன்றுவரை புரியவில்லை. ஒரு தொழிற்சாலைக்குப் போய், அங்கே வேலை எப்படி நடக்கிறது என்று பார்த்து, எது எங்கே வீணாகிறது என்று எடுத்துச் சொல்லி, அதைச் சரிசெய்ய ஒரு மென்பொருளையும் போட்டுக்கொடுப்போம். கன்சல்டன்ட் என்று பெயர். சுருக்கமாகச் சொன்னால், அடுத்தவர் இடத்தில் குற்றம் கண்டுபிடிப்பதுதான் எங்கள் பிழைப்பு. அந்தக் கூட்டத்துக்கு நான் டீம் லீட். அதில்தான், கண்ணில் படுவதையெல்லாம் பார்த்து வாயைப் பிளக்கிற ஓர் அக்கா வந்து சேர்ந்தார்.

எம்.டி. சார் பல வருடம் சென்னையில் பெரிய கம்பெனியில் இருந்தவர். புதிதாகச் சேருபவரை வரவேற்க ஒரு முறை வைத்திருந்தார். ஒரு பை, அதில் டீ-ஷர்ட், தண்ணீர் பாட்டில். பிறகு கேக். பிறகு ப்ரொஜெக்டரில் கம்பெனியின் வரலாறு. அந்த வரலாற்றில் தூங்காதவர்களை நான் பார்த்ததில்லை. அக்கா தூங்கவில்லை. ஒவ்வொரு படத்துக்கும், "அடேங்கப்பா! அப்புறம் என்னங்க ஆச்சு?" என்றார். சார் திகைத்துப் போனார். அப்புறம் என்ன ஆச்சு என்று அவரை யாரும் கேட்டதே இல்லை. ப்ரொஜெக்டரை மறந்துவிட்டு மேசை மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, முதல் வாடிக்கையாளர் வெந்நீர் அண்டாவில் லேப்டாப்பைப் போட்ட கதை வரைக்கும் சொன்னார். கேக் க்ரீம் உருகி அட்டையில் ஓடிக்கொண்டிருந்தது.

கடைசியில், புதியவர் தன்னைப் பற்றி யாருக்கும் தெரியாத ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். அது சாருடைய விதி.

"எனக்கு நண்டுன்னா பயமுங்க" என்றார் அக்கா. "இந்தப் பக்கம் கடலே இல்ல, அதனால ஆருக்கும் தெரியாது. உங்குளுது சொல்லுங்க சாரு?"

விதியில் அப்படி ஒன்று இல்லை. ஆனால் அவர் கேட்ட விதத்தில் சாருக்கு மறுக்க வழியும் இல்லை. "எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது" என்றார், ஐம்பது வயதில், முதல்முறையாக, எங்கள் எல்லார் முன்னாலும். அடுத்து நவீன் சொன்னான். நவீன் எங்கள் கோடிங் ஆள், வாயே திறக்காதவன். அவன் இரண்டு கல்யாணங்களில் நாதஸ்வரத்துக்கு ஒத்து ஊதியிருக்கிறானாம். அன்று மதியம் வரை வேலை நடக்கவில்லை. நான்கு வருடம் பக்கத்துப் பக்கத்து மேசையில் இருந்தவர்கள் அன்றுதான் ஒருவரையொருவர் அறிமுகப்படுத்திக்கொண்டோம்.

திருச்செங்கோட்டில் ஒரு ரிக் முதலாளி. போர் போடுகிற அவருடைய வண்டிகள் வடநாடு முழுக்க ஓடின. எந்த வண்டி எங்கே நிற்கிறது, எதற்கு எவ்வளவு டீசல் போகிறது என்று வீட்டிலிருந்தே பார்க்க ஓர் ஏற்பாடு வேண்டும் என்று அவரேதான் எங்களைக் கூப்பிட்டார். ஆனால் எத்தனை முறை போனாலும் சோபாவைத் தாண்டி விடமாட்டார். காபி வரும். "எல்லாம் நல்லாத்தானுங்க போகுது" என்பார். எங்கள் கேள்விக்கெல்லாம் அதுதான் பதில்.

அக்காவைக் கூட்டிப்போன அன்று, பின்பக்கக் காலியிடத்தில் பழுது பார்க்க நின்ற வண்டியின் கம்ப்ரஸர் உறுமியது. அக்கா காபி டம்ளரோடு எழுந்து நின்றுவிட்டார்.

"ஏனுங்ணா, அத்தன அடி கீழ போற ராடு, பாதில ஒடஞ்சு போச்சுன்னா எப்பிடிங்க மேல எடுப்பீங்க?"

முதலாளி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அதக் கேக்கறீங்களா அம்மிணி" என்றார். வேட்டியை மடித்துக் கட்டினார். அக்காவை ரிக் லாரி மேலேயே ஏற்றிவிட்டார். சாயங்காலம் இருவரும் இறங்கி வந்தபோது அக்காவின் முகமெல்லாம் கல்மாவு அப்பியிருந்தது. நடுவில் எந்த வண்டியில் டீசல் காணாமல் போகிறது, எந்த டிரைவர் பொய் சொல்கிறான், எந்த மேனேஜருக்கு எந்த மேனேஜரோடு ஆகாது என்று எல்லாவற்றையும் முதலாளி தானாகவே கொட்டியிருந்தார். "இதையெல்லாம் என்ற பொண்டாட்டி கூடக் கேட்டதில்லீங்க" என்று எங்களிடம் சொன்னார்.

இது ஒரு உத்தி என்று நவீன் நினைத்தான். அடுத்த வாரம் ஆத்தூர்ப் பக்கம் ஒரு ஜவ்வரிசி மில்லுக்குப் போனபோது, மாவு ஓடும் தொட்டியைப் பார்த்து "வாவ்!" என்று அவனும் கைதட்டினான். மில்காரர் திரும்பி, "எதுக்குத் தம்பி கத்தறீங்க?" என்றார். அதோடு விட்டுவிட்டான். ஆனால் காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார ஆரம்பித்தான். தான் எழுதிய புரோகிராம் ஓடுவதை அக்காவுக்குக் காட்ட வேண்டும். திரையில் பச்சை விளக்கு எரிந்ததும் அக்கா தட்டுவார். அவனுக்குக் காது சிவக்கும். வாடிக்கையாளருக்காக எழுதினானா அக்காவுக்காக எழுதினானா என்று சொல்வது கஷ்டம்.

தொந்தரவும் இருந்தது. சேலத்தில் ஒரு ஜவுளிக்கடைக்கு எங்கள் மென்பொருளை விற்கப் போனோம். கடைக்காரர், வேறொரு கம்பெனி முந்தின நாள் கொண்டுவந்து காட்டியதை எடுத்துக் காட்டினார். அக்கா குனிந்து பார்த்தார். "அட, துணியக் கேமராவுல காட்டுனாலே வெல வந்துருதா!" என்று தட்டிவிட்டார். நான் மேசைக்கடியில் அவர் காலை மிதித்தேன்.

"அக்கா, அது போட்டிக் கம்பெனி" என்றேன் வெளியே வந்ததும்.

"தெரியுமுங்க. ஆனா நல்லா இருக்குதுங்களே" என்றார், என்னிடமே நியாயம் கேட்பதுபோல. "நல்லா இருக்கறத எப்பிடிங்க மேடம் நல்லா இல்லாத மாதிரி பாக்கறது?"

கடைக்காரர் எங்களிடம்தான் வாங்கினார். பொய் சொல்லாத ஆள் ஒருத்தர் உங்கள் கம்பெனியில் இருக்கிறார் என்று காரணமும் சொன்னார். ஆனால் சார் அன்றிலிருந்து கொஞ்சம் யோசிக்க ஆரம்பித்தார்.

அவர் பயந்தது புதுச்சத்திரத்தில் நடந்தது.

நெடுஞ்சாலையை ஒட்டி அங்கே ஒரு பெரிய கோழித்தீவன மில் இருக்கிறது. அதன் வேலை கிடைத்துவிட்டால் எங்கள் அலுவலகம் நிமிர்ந்துவிடும். கிடைக்காவிட்டால் ஆட்களைக் குறைக்க வேண்டியிருக்கும் என்று சார் என்னிடம் மட்டும் சொல்லியிருந்தார். யாரை முதலில் குறைப்பார்கள் என்று நான் கேட்கவில்லை. கடைசியாக வந்தவரைத்தான்.

முடிவு சொல்லும் நாள். சாரும் நானும் மாடியில் மில் முதலாளியின் அறையில் உட்கார்ந்திருந்தோம். கண்ணாடி ஜன்னலுக்குக் கீழே எடைமேடை. மக்காச்சோள லாரி வந்தால் லோடோடு ஒருமுறை நிறுத்தி எடை போடுவார்கள். சரக்கை இறக்கியபின் வெறும் வண்டியை ஒருமுறை எடை போடுவார்கள். கழித்தால் வருவதுதான் சோளத்தின் எடை; அதற்குத்தான் மில் பணம் கொடுக்கும். எடைமேடையைப் பார்த்துக்கொண்டவர் தங்கராசு. முதலாளியின் மச்சினன், அதாவது அவர் மனைவியின் தம்பி. அக்கா கீழே நின்று லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலாளி கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்துவிட்டார். அப்போதுதான் கீழேயிருந்து அந்தக் கைதட்டல் கேட்டது.

பிறகு அக்கா சொல்லித்தான் எனக்கு முழுதும் தெரியும். எடை போட்ட லாரியின் கேபினிலிருந்து நாலு பேர் இறங்கினார்களாம். நாலு பேரும் பீமசேனர்கள். நிழலில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு வெளிவாசல் பக்கம் போனார்கள். அடுத்த லாரி எடைக்கு வந்தது. அதன் கேபினிலிருந்தும் அதே நாலு பேர் இறங்கினார்கள். மூன்றாவது லாரியிலும் அவர்களே. அக்கா போய்ப் பக்கத்தில் நின்று, "ஏனுங்ணா, நீங்க எந்த லாரிக்குங்க?" என்று கேட்டிருக்கிறார்.

வேறு யாராவது கேட்டிருந்தால் ஓடியிருப்பார்கள். அக்கா கேட்டதால் ஒருவர் வெட்கத்தோடு சொன்னார்:

"நாங்க லாரிக்கு இல்லீங்க. எடைக்குங்க."

"எடைக்கா?"

"லோடு எடைல நாங்க இருப்போமுங்க. வெத்து வண்டி எடைல இருக்க மாட்டோம். நாங்களும் சோளக் கணக்குல வந்துருவோமுங்க."

அக்காவுக்கு ஒரு நிமிஷம் பிடித்தது. பிடிபட்டதும் அடக்க முடியவில்லை. "சாரு! மேடம்! இங்க வாங்க, வெசையா வாங்க! நாலு ஆளுங்க சோளமா வேல பாக்கறாங்க! என்ன மூளை, என்ன மூளை!" என்று ஜன்னலைப் பார்த்துக் கத்தி, கண்ணில் நீர் வரச் சிரித்து, தட்டினார், தட்டினார், தட்டிக்கொண்டே இருந்தார்.

முதலாளி ஜன்னலுக்கு வந்தார். கீழே அக்கா. அவருக்குப் பின்னால் நாலு பேர். எடைக்கூண்டு வாசலில் தங்கராசு, நின்ற இடத்தில் நின்றபடி. மூட்டை தூக்குகிறவர்கள், டிரைவர்கள், சமையல்கட்டிலிருந்து வந்த பெண்கள், அத்தனை பேரும்.

முதலாளியின் கழுத்து நரம்பு புடைத்தது. ஆனால் அவர் தங்கராசுவைத் திட்டவில்லை. எங்களைத்தான் திட்டினார். "என்ற குடும்பத்து மானத்த நடு வாசல்ல கைதட்டி ஏலம் போடறதுக்கா உங்களக் கூப்புட்டேன்? எந்திரிங்க. நடங்க!"

காரில் கிளம்பினோம். சார் நெடுஞ்சாலையோர டீக்கடை ஒன்றில் நிறுத்தினார். டீ வந்தது. அக்கா டீயைத் தொடவில்லை.

"நான் வேணும்னு பண்ணலீங்க சாரு."

"தெரியும் அக்கா." சார் கத்தவில்லை. அதுதான் மோசமாக இருந்தது. "நாம டாக்டர் மாதிரி. எக்ஸ்ரேயப் பார்த்து டாக்டர் கைதட்டினா நோயாளி என்ன ஆவான்? இனிமே எதைப் பார்த்தாலும் முகத்துல காட்டக் கூடாது. அப்படி இருக்க முடியும்னா இருங்க."

"இருக்கறனுங்க" என்றார் அக்கா.

இருந்தார். அதுதான் வேடிக்கை. அடுத்த நாள் முதல் அவர் முகம் இஸ்திரி போட்ட மாதிரி இருந்தது. சிரிப்பு வந்தால் உதட்டை மடித்துக்கொள்வார். கை சேரப் போகும். சட்டென்று பிரித்து, ஒன்றில் பேனாவும் ஒன்றில் ஸ்டேப்ளரும் பிடித்துக்கொள்வார். நவீன் பச்சை விளக்கைக் காட்டினால் "குட்" என்பார். நவீன் என்னிடம் வந்து, "அக்காவுக்குப் பல் வலியா? கீழ டாக்டர்கிட்ட சொல்லட்டுமா?" என்றான். கைரேகை மிஷின் நன்றி சொல்லும். அக்கா பேசாமல் உள்ளே போய்விடுவார். முதலில் நாங்கள் சிரித்தோம். நாள் ஆக ஆக, சிரிப்பதற்கு ஒன்றும் இல்லாமல் போனது. சார் தன் அறைக் கதவைச் சாத்திக்கொள்ள ஆரம்பித்தார்.

ஒரு மதியம் அக்கா சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"என்னக்கா?"

"பயமா இருக்குதுங்க" என்றார்.

"வேலை போயிரும்னா?"

"அது போனாப் போகுதுங்க." சோற்றை விரலால் ஒதுக்கினார். "சின்னவ பொறந்த பொறவு எனக்கு ஒண்ணுமே தோணாமப் போயிருச்சு அம்மிணி. அழுகைகூட வராது. சோறு தின்னா மண்ணு திங்கற மாதிரி. கொழந்தை சிரிக்கும், சரி சிரிக்குதுன்னு பாத்துட்டு இருப்பேன். காத்து கருப்புன்னாங்க, கொழுப்புன்னாங்க. என்ற ஊட்டுக்காரரு மட்டும் ஒண்ணுஞ் சொல்லமாட்டாரு. சேலத்துக்குக் கூட்டியாந்து டாக்டருகிட்டக் காட்டுனாரு, மாத்தரையக் கையில வெச்சுட்டு நிப்பாரு. ரெண்டு வருசமுங்க."

"அப்புறம்?"

"ஒரு நா எங்க கோழிப்பண்ணையில நின்னுட்டு இருந்தேன். ஒரு கோழி, முட்டைய இட்டுட்டு, அது உருண்டு போறதப் பாத்துச்சு. என்னயப் பாத்துச்சு. மறுக்கா முட்டையப் பாத்துச்சு. 'இது என்னுதா?'ன்னு கேக்கற மாதிரி. எனக்குச் சிரிப்பு வந்துருச்சுங்க. தட்டிட்டேன். தீவனம் போட்டுட்டு இருந்த என்ற மனுசன் கூடைய அப்பிடியே கீழ போட்டுட்டு அங்கயே உக்காந்து அழுதாரு." அக்கா டப்பாவை மூடினார். "அன்னையில இருந்து எது வந்தாலும் நான் அடக்கறதில்லீங்க. வந்தா வரட்டும், அது வர்றதே பெருசுன்னு. இப்ப அடக்கிப் பழகறேன்ல, கொஞ்ச நாளாத் தோணறதே கொறையுதுங்க. மறுக்காப் போயிருச்சுன்னா?"

சாரிடம் சொல்லட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். இருந்தாலும் நான் எழுந்து போய் சார் அறைக் கதவுக்கு முன்னால் நின்றேன். தட்டுவதற்குள், படியில் யாரோ மூச்சு வாங்க ஏறி வரும் சத்தம் கேட்டது.

தங்கராசு.

தாடி வளர்ந்திருந்தது. சார் வெளியே வந்தார், முகம் வெளுத்துவிட்டது. சண்டைக்கு வந்திருக்கிறார் என்றே நாங்கள் நினைத்தோம். நவீன் ஓர் ஓரமாக நகர்ந்து, கையில் கிடைத்த தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டான்.

"அந்த அக்கா இருக்கறாங்களா?" என்றார் தங்கராசு. அக்காவைப் பார்த்ததும் கும்பிட்டார். "அக்கா, மாமா என்னய வெளிய தள்ளிட்டாருங்க. எங்கக்கா அழுதுட்டே கெடக்குது. லாரிக்காரங்ககிட்டப் பங்கு வாங்கிட்டு நான் பண்ணுனது திருட்டு, இல்லேன்னு சொல்லல. ஆனா ஒண்ணு சொல்றேன். அந்த மில்லுல இத்தன வருசம் இருக்கறேன். தண்டச்சோறும்பாரு, அங்கிட்டு நில்லுடாம்பாரு. என்னயப் பாத்து மூளைன்னு ஒரு வார்த்த சொன்னது நீங்க ஒருத்தருதானுங்க. நீங்க வந்து மாமாகிட்டப் பேசோணும்."

அக்கா ஒரு கையில் பேனா, ஒரு கையில் ஸ்டேப்ளர். உதடு மடிந்திருந்தது.

"அந்த நாலு பேரு... எப்பிடிங்க தோணுச்சு உங்குளுக்கு?" என்று மெல்லக் கேட்டார். கேட்காமல் இருக்க முடியவில்லை.

தங்கராசுவின் முகம் மாறிவிட்டது. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "லேசுப்பட்ட சோலியாங்க அது? சும்மா ஆளு ஆவாது. எலும்புக் கனம் உள்ள ஆளாப் பாக்கோணும். தேடிக் கண்டுபுடிச்சனுங்க. தெனமும் பிரியாணி. ஒருத்தன் திடீர்னு வாக்கிங் போறேன்னு ஆரம்பிச்சான், கூப்புட்டுக் கண்டிச்சுட்டேன். பெரிய லோடு வர்றதா இருந்தா மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறந்தான் மேடைல ஏத்துவேன்."

"அது எதுக்குங்க?" என்றேன் நான்.

"சாப்புட்ட எடை வீணாப் போகக் கூடாதில்லீங்களா?"

அக்காவின் தோள் குலுங்கியது. ஸ்டேப்ளர் கடகடத்தது. அவர் சாரைப் பார்த்தார். சார் சுவரைப் பார்த்தார். சாரின் மூக்கு விடைத்தது. எங்கோ பானை விரிசல் விடுவதுபோல ஒரு சத்தம் கேட்டது. அது சாரிடமிருந்து வந்த சத்தம். எக்ஸ்ரேயைப் பார்த்து முதலில் வெடித்தது டாக்டர்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மேசையில் குனிந்து, "சாப்பிட்ட எடை... ஐயோ... சாப்பிட்ட எடை..." என்று அவரால் பேசவே முடியவில்லை. நவீன் தண்ணீர் பாட்டிலோடு தரையில் உட்கார்ந்துவிட்டான். அக்கா ஸ்டேப்ளரைப் போட்டுவிட்டார். அந்தக் கைதட்டல் இருக்கிறதே, அத்தனை நாள் சேர்த்து வைத்ததெல்லாம் அதில் இருந்தது. கீழேயிருந்து பல் டாக்டர் ஏறி வந்து, "இங்க என்னங்க நடக்குது?" என்று கேட்டார். நடந்ததைச் சொன்னோம். அவரும் உட்கார்ந்துகொண்டார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு சார் சொன்னார்: "அக்கா, டீக்கடையில நான் சொன்னதை மறந்துருங்க. வாங்க, புதுச்சத்திரம் போலாம்."

முதலாளி எங்களை உட்காரச் சொல்லவில்லை. அவர் மனைவி கண் வீங்கிப்போய் மோர் கொண்டுவந்து வைத்தார். தங்கராசு வாசலுக்கு வெளியிலேயே நின்றார்.

"என்ன, மறுக்காக் கைதட்ட வந்தீங்களா?" என்றார் முதலாளி.

"இல்லீங்கய்யா" என்றார் அக்கா. "அவரு பண்ணுனது தப்பு. அதுக்கு நீங்க என்ன தண்டன வேணாக் குடுங்க. உங்க ஊட்டு விசயத்த நாலு பேரு முன்னால கத்துனது என்ற தப்பு, மன்னிச்சுக்கோங்க. ஆனா நாங் கைதட்டுனது அந்த மூளைக்குத்தானுங்க. அது இப்ப உங்குளுக்கு எதிரா நிக்குது. உங்க பக்கத்துல நின்னா எப்பிடி இருக்கும்னு ஒருக்கா நெனச்சுப் பாருங்க. இங்க வேற எந்த வழியில எல்லாம் காசு போகுதுன்னு அவரக் கேளுங்க."

முதலாளி தோளில் கிடந்த துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். பிறகு தலையைத் திருப்பாமலேயே, "சொல்றா" என்றார்.

தங்கராசு உள்ளே வந்து சுவரோரம் நின்றார். கனம் கூடிய ஈரச் சோளத்தை லாரியின் நடுவில் வைத்து, காய்ந்ததைக் கதவுப் பக்கம் அடுக்குவது. மாதிரி எடுக்க வருகிறவன் எப்போதும் வலது பக்கத்தில்தான் கம்பியால் குத்துவான் என்று தெரிந்து அந்தப் பக்கம் மட்டும் நல்ல மூட்டை வைப்பது. ஒவ்வொன்றாகச் சொன்னார். முதலாளி முதலில் பல்லைக் கடித்தார். பிறகு நாற்காலியின் நுனிக்கு வந்தார். பிறகு "அப்புறம்?" என்றார். இன்னொன்று. "அப்புறம்?" என்றார். நான் அக்காவைப் பார்த்தேன். அவருடைய கேள்வி அது. அவர் கை இரண்டையும் மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.

தார்ப்பாயை நனைத்து எடை ஏற்றுகிற கதை வந்தபோது முதலாளி தொடையில் ஓங்கி அடித்தார். "அட நாசமாப் போனவனே! எப்பிடிரா யோசிச்ச இத?"

திட்டுத்தான். ஆனால் அதற்குள் வேறு ஒன்றும் இருந்தது. தங்கராசு அதைக் கேட்டுவிட்டார். அவருடைய அக்காவான முதலாளியின் மனைவியும் கேட்டுவிட்டார். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே ஓடினார்.

"நாளையில இருந்து வாசல்ல நீதான் நிக்கோணும்" என்றார் முதலாளி. "ஒரு கிலோ தப்புச்சுன்னாலும் உன்னயத் தீவனத்தோட சேத்து அரைச்சுருவேன். அந்த நாலு பேத்தையும் மூட்டை தூக்கச் சொல்லு." எங்கள் பக்கம் திரும்பினார். "உக்காருங்க. மோரக் குடிங்க. உங்க கம்ப்யூட்டருல இதையெல்லாம் புடிக்கறதுக்கு வழி இருக்குதான்னு சொல்லுங்க."

திரும்பும்போது ராசிபுரம் பக்கம் வானம் கறுத்து, காரின் முன்கண்ணாடியில் பெரிய பெரிய துளிகள் விழுந்தன. சார் வண்டி ஓட்டியபடியே "சாப்பிட்ட எடை" என்று தனக்குள் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். அக்காவின் போன் முன்பக்கத்தில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. அடித்ததும் நான்தான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன். அவர் வீட்டுக்காரர்.

"எங்க இருக்கற? இங்க மழை புடிச்சுருச்சு. குடை கொண்டுட்டு வரட்டுமா?"

"வாரேன், வாரேன். ஏனுங்க, ஒண்ணு சொல்றேன் கேளுங்க. நாலு ஆளுங்க, சோளமா..." அதற்குமேல் அக்காவால் சொல்ல முடியவில்லை. சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. பின்சீட்டில் சாய்ந்து, மூச்சு வாங்கி, மறுபடி ஆரம்பித்து, மறுபடி சிரித்து, கைதட்டி, ஒரு வாக்கியமும் முடியவில்லை.

அந்தப் பக்கத்திலிருந்து சத்தமே இல்லை.

"ஏனுங்க? லைன்ல இருக்கறீங்களா? கேக்குதுங்களா?"

"கேக்குது" என்றார் அவர். குரல் உடைந்திருந்தது. "நிறுத்தாத புள்ள. எனக்குக் கதை புரியாட்டிப் பரவால்ல. நீ சிரி. நான் கேட்டுட்டே இருக்கறேன்."

சார் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார். மழை கூரையில் இறங்கியது. அக்கா போனை என்னிடமிருந்து வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "மொதல்ல ஒரு லாரி வந்துதுங்க..." என்று முதலிலிருந்து ஆரம்பித்தார்.